பழைய மணல்

அப்பாவின் வீட்டில், தோள் வரைக்கும் கையைக் கடல்மீன் தொட்டிக்குள் விட்டு, அடியில் கிடந்த பெரிய கல்லை அவள் விரல் நுனியால் நெம்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. அடித்து நின்றது, மறுபடியும் அடித்தது. தன் வீட்டில் படுத்திருக்கும் அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கல்லை விட்டுவிட்டு, சேலையெல்லாம் சொட்டச் சொட்ட ஓடிப்போய் எடுத்தாள்.

"உங்கப்பா கேக்கறார், கல்லை எடுத்தாச்சான்னு" என்றார் கணவர்.

"எடுத்துக்கிட்டேதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க போன் பண்ணிட்டீங்க."

"கல்லு தண்ணிய விட்டு வெளிய வரவே கூடாதாம். வாளியைத் தொட்டிக்குள்ளயே முக்கி, உள்ளுக்குள்ளயே மாத்தணுமாம்."

"தெரியும்னு சொல்லுங்க. காலைலேர்ந்து அதையேதான் சொல்லிட்டிருக்கார்."

"நான் சொல்லிட்டேன். உனக்குத் தெரியும்னு சொன்னதுக்குத்தான் மறுபடியும் போன் பண்ணச் சொன்னார்."

போனை வைத்துவிட்டு ஈரக் கையைத் துணியில் துடைத்தாள். கை முழுக்க உப்பு. நகத்தோரம் இருந்த சிராய்ப்பில் அது காந்தியது. செத்துக்கொண்டிருக்கும் மனுஷனுக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று எரிச்சலாக வந்தது.

இனி ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று டாக்டர் சொன்னபோது, எந்த வீட்டுக்கு என்று சொல்லவில்லை. அப்பா வாழ்நாள் முழுக்க லிஃப்ட் ரிப்பேர் செய்தவர். ஊரில் பாதிக் கட்டடங்களில் மேலும் கீழும் போய்வந்த மனுஷன் கடைசியில் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. அந்தப் படிகளில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. அதனால் மகள் வீடு, வாடகைக் கட்டில், கூடத்தில் ஜன்னலோரம். வந்து படுத்ததிலிருந்து அவர் எதையும் கேட்கவில்லை. சாப்பாடு கேட்கவில்லை, வெளிநாட்டில் இருக்கும் மகனைக்கூடக் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டே, "தொட்டிய ஒரு தடவ பாத்துட்டாப் போதும்" என்றார்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவர். அம்மா போன பிறகு அந்தக் கடல்மீன் தொட்டியை வாங்கி வைத்துக்கொண்டு, அதோடேயே குடித்தனம் நடத்தினவர். இன்று காலை அவர் மூச்சு விடுகிற விதம் மாறியிருந்தது. ஒன்று இழுத்து, நின்று, யோசித்து, அப்புறம் அடுத்தது. அதைப் பார்த்ததும் அவள் லீவு சொல்லிவிட்டு, அப்பா தொட்டிக்கு வழக்கமாகச் சாமான் வாங்கும் மீன்கடைக்காரரைப் பிடித்தாள்.

"இதெல்லாம் ஒரு நாள்ல பண்ற வேலை இல்லம்மா" என்றார் மீன்கடைக்காரர். வாயில் பாக்கு, தலையில் தொப்பி, பேச்சு மட்டும் நிற்காது. "புதுசா உப்புத்தண்ணி கரைச்சு, ரெண்டு நாள் சுத்த விட்டு, அப்புறம்தான் மாத்தணும். அவசரப்பட்டா எல்லாம் போயிடும்."

"அவசரம் என்னோடது இல்லங்க."

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பவளங்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தனித்தனி டப்பாவில் போட்டார். கற்கள் வாளிக்குப் போயின. கற்கள் என்றுதான் பெயர், அதன் மேல் பூவும் புழுவும் குழாயுமாக ஏதேதோ உயிர். மீன்களைக் கடைசியில் பிடித்தார்கள். இரண்டு கோமாளி மீன்கள் ஒட்டிக்கொண்டே வலைக்குள் வந்தன. மஞ்சள் மீன் மட்டும் வருவேனா என்றது. அப்பா அதற்கு இன்ஸ்பெக்டர் என்று பெயர் வைத்திருந்தார். நாள் முழுக்கக் கண்ணாடி ஓரமாகவே ரவுண்டு போய்க்கொண்டிருக்கும், யாரையும் நம்பாது. தண்ணீர் கணுக்கால் உயரத்துக்கு இறங்கிய பிறகுதான் அது அகப்பட்டது.

கடைசியில் மணல் மட்டும் மிஞ்சியது.

"மணலை இங்கயே விட்டுடுங்கம்மா" என்றார் மீன்கடைக்காரர். "வருஷக்கணக்கா அடியில தேங்கின அழுக்கு. இதைக் கிளறிக் கொண்டுபோய்க் கொட்டினா, தொட்டி கலங்கி ஒண்ணுமே தெரியாது. கடையில புது மணல் இருக்கு, போற வழியில எடுத்துக்கலாம்."

அவளுக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஆனாலும் போன் போட்டாள். கணவர் போனை அப்பாவின் காதருகே வைத்தார். மூச்சுச் சத்தம் கேட்டது, பிறகு குரல்.

"அவன் மணல் விக்கறவன். அப்படித்தான் சொல்லுவான்."

"கலங்கிடும்னு சொல்றார்ப்பா."

"தட்டு வச்சு ஊத்து. கலங்காது." மூச்சு. "அந்த மணல்லதான் எல்லாம் இருக்கு. மணல் இல்லாம வராதே, மேஸ்திரி."

மேஸ்திரி என்றால் அவள்தான். தையல் யூனிட்டில் மேற்பார்வை வேலைக்குப் போவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால், பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே அவர் வைத்த பெயர். அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்று செய்வாள். கணக்குப் படி என்றார், துணி வெட்டப் படித்தாள். இவன் வேண்டாம் என்றார், இவரையே கல்யாணம் பண்ணிக்கொண்டாள். எங்களோடு வந்து இருங்கள் என்று இவள் கூப்பிட்டபோது அவரும் பதிலுக்கு வரமாட்டேன் என்றார். இரண்டு பேருக்கும் ஒரே மண்டை என்று அம்மா இருந்த வரைக்கும் தலையில் அடித்துக்கொள்வாள்.

"அள்ளுங்க" என்றாள் மீன்கடைக்காரரிடம்.

"நான் சொல்றதச் சொல்லிட்டேன்" என்று அவர் மண்வாரியை எடுத்தார். மேல் மணல் வெள்ளை. அதைத் தாண்டியதும் சாம்பல் நிறம், அதற்கும் கீழே கறுப்பு. அழுகின முட்டை நாற்றம் வீடு முழுக்கக் கிளம்பியது. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் வீட்டுக் கட்டடத்தில் வேன் வந்து நின்றபோது லிஃப்ட் வேலை செய்யவில்லை. பட்டனை அமுக்கி அமுக்கிப் பார்த்தாள். சனியன், வேறு நாளே கிடைக்கவில்லை. தொட்டியை மீன்கடைக்காரரும் வேன்காரரும் படியில் தூக்கினார்கள். வாளிகளை அவளும் கணவரும் தூக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் தண்ணீர் தளும்பிப் படியெல்லாம் வழிந்தது. கீழ்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்.

எல்லாம் ஏற்றி முடித்து அவள் மூச்சு வாங்க நின்றபோது, கட்டிலிலிருந்து அப்பா கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"லிஃப்ட் நின்னுடுச்சா? மோட்டார் சத்தமே வரல."

"ஆமாப்பா."

"கீழ்த்தளத்துல கதவு சரியா மூடியிருக்காது. என்னமோ தட்டுது. போய்ப் பாக்கச் சொல்லு மாப்பிள்ளைய."

கணவர் போய்ப் பார்த்தார். கதவிடுக்கில் யாரோ ஒருத்தருடைய ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. உருவி எடுத்ததும் லிஃப்ட் ஜம்மென்று மேலே வந்தது. செருப்பைக் கையில் பிடித்தபடி அவர் உள்ளே வந்து நின்ற கோலத்தைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்றுதான் வாயில் வந்தது.

கட்டிலின் காலடிக்கு நேர் எதிரே, செங்கல் வைத்து உயர்த்திய மேசைமேல் தொட்டியை வைத்தார்கள். கணவர் குனிந்து, அப்பாவின் தலைமாட்டிலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"கட்டிலோட கால்பக்கப் பலகை மறைக்குமோன்னு தோணுது. மேசைக்கு அடியில இன்னும் ஒரு வரிசை செங்கல் வைக்கலாமா?"

"முதல்ல வேலை முடியட்டும். செங்கல்லுக்கு இப்ப எங்க போறது?" என்று எரிந்து விழுந்தாள். அவர் வாளிகளை எடுத்துவரப் போனார்.

மணலைக் கொட்டி, கற்களை அடுக்கி, தண்ணீர் ஊற்றினார்கள். அவள் ஞாபகமாகத் தட்டு வைத்தாள். எவர்சில்வர் தட்டை மணல்மேல் வைத்து, அதன்மேல் சொம்பு சொம்பாக ஊற்றினாள். அந்த வேகத்தில் போனால் விடிந்துவிடும் என்று மீன்கடைக்காரர் சொன்னார். கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். இழுத்து, நின்று, யோசித்து. அவள் தட்டை எடுத்து வைத்துவிட்டு வாளியைத் தூக்கிச் சாய்த்தாள்.

ஒரே நிமிஷம். அரிசி களைந்த தண்ணீர் மாதிரி தொட்டி முழுக்க வெளுத்துப்போனது. கல் தெரியவில்லை, பவளம் தெரியவில்லை. மீன்களை விட்டபோது, விட்ட இடத்திலேயே அவையும் மறைந்துபோயின.

வெளிநாட்டிலிருந்து கிளம்பவிருந்த தம்பி அந்த நேரம் பார்த்து வீடியோ காலில் வந்தான். "அக்கா, நான் ஒரு வீடியோ பாத்தேன். பழைய மணலைக் கொண்டுபோகவே கூடாதாம்."

"ரொம்ப சந்தோஷம்டா. நாளைக்கு வரும்போது அதையும் சேத்து எடுத்துட்டு வா" என்று போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மீன்கடைக்காரர் பம்ப்பைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவினார். "இதை மட்டும் நிறுத்தாதீங்கம்மா. கலங்கின தண்ணில மீனுக்கு மூச்சு முட்டும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள தெளிஞ்சிடும்."

"நாளைக்கா?"

அவர் கட்டிலைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி, திரும்பப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பிறந்ததிலிருந்து முதல்முறையாக அவள் அப்பா சொன்னதைத் தட்டாமல் கேட்டிருந்தாள். அன்றைக்கென்று பார்த்து அப்பா சொன்னது தப்பாக இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்லி மாளும்? அவள் ஈரத் துணியால் தொட்டியின் வெளிக்கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே இருக்கிற கலங்கலுக்கு வெளியே துடைத்து என்ன பிரயோஜனம் என்று தெரிந்தும் துடைத்தாள்.

பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. வெயில் சாய்ந்து, ஜன்னல் வழியாக வந்து தொட்டியில் விழுந்ததில் அந்த வெள்ளை இன்னும் கெட்டியாகத் தெரிந்தது. கணவர் மருந்து வாங்கப் போயிருந்தார். அப்பா கண்ணைத் திறந்தார்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சுப்பா. இதோ பாருங்க, எதிர்ல."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். புருவம் மெல்லச் சுருங்கியது. அந்தச் சுருக்கத்தை அவளுக்குத் தெரியும். பரீட்சைத் தாளைப் பார்க்கும்போது வருகிற அதே சுருக்கம்.

"இன்ஸ்பெக்டர் எங்க?"

"உள்ளதாம்பா இருக்கு. கொஞ்சம் கலங்கியிருக்கு. தெளிஞ்சிடும்."

"தட்டு வச்சு ஊத்தலியா?"

"வச்சேன்."

"வச்சிருந்தா கலங்காது."

"வச்சேம்பா. கொஞ்ச நேரம் வச்சேன்."

"கொஞ்ச நேரம்." மூச்சு. "சொன்னதக் கேட்டாத்தானே."

அவ்வளவுதான், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க சொன்ன மணல்தாம்பா இது! அவர் அப்பவே சொன்னார் வேணாம்னு. அள்ளும்போது எப்படி நாறிச்சு தெரியுமா? உங்க பேச்சைக் கேட்டு வாரிக் கொண்டாந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும். நாள் பூரா ஒத்த ஆளா அல்லாடிட்டு வந்து நிக்கறேன், நல்லாயிருக்குன்னு ஒரு வார்த்தை வருதா உங்க வாயில?"

சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் கத்திக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. போர்வைக்கு அடியில் அவர் உடம்பு ஒரு கைப்பிடிதான் இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. இந்த வீட்டில் யாரும் யாரிடமும் கேட்டதில்லை, அதற்கு எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போர்வையை இழுத்து அவர் காலை மூடினாள். மூடியிருந்த காலைத்தான் மறுபடியும் மூடினாள்.

அப்பாவுக்குக் கோபமில்லை. அவர் அவளைக் கவனித்த மாதிரியே இல்லை. லிஃப்ட்டின் கோளாறைக் காதால் கேட்கிறவர் மாதிரி, தலையைக் கொஞ்சம் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"பம்ப்ப நிறுத்து" என்றார்.

"நிறுத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்ப்பா. மீனுக்கு மூச்சு முட்டுமாம்."

"கொஞ்ச நேரம்தான். அது சுத்தறதாலதான் மணல் இறங்கல." இழுத்து, நின்று. "நிறுத்து."

மீன்கடைக்காரர் சொன்னது ஒரு பக்கம். இவர் சொல்வது ஒரு பக்கம். காலையிலிருந்து இதே கதைதான். அவள் குனிந்து ஸ்விட்சை அணைத்தாள்.

சத்தம் நின்றது. அப்போதுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று தெரிந்தது. கீழே தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பினார்கள், லிஃப்ட் ஒரு மாடியில் நின்று திரும்ப நகர்ந்தது. அவள் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டு, கண்ணாடியோடு மூக்கு ஒட்ட உட்கார்ந்துகொண்டாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மேலே, தண்ணீரின் விளிம்பை ஒட்டி, விரல் அகலத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோட்டில் வெள்ளை இல்லை. பார்க்கப் பார்க்க அது இரண்டு விரலாயிற்று, நாலு விரலாயிற்று. மணல் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு முதுகு மேலே வந்து, கண்ணாடி ஓரமாக ஒரு ரவுண்டு போய், திரும்பவும் கலங்கலுக்குள் மூழ்கியது.

"அப்பா, மேல தெளியுதுப்பா! இன்ஸ்பெக்டர் வந்துட்டார், பாத்தீங்களா? நீங்க சொன்னது சரிதாம்பா. பம்ப்புதான்."

பதில் வரவில்லை. அவர் எப்போது உடனே பதில் சொன்னார்? அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். இழுத்து, நின்று, யோசித்து. யோசிக்கிற நேரம் நீண்டுகொண்டே போனது. தொட்டியில் ஒரு சாண் தெளிந்த பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

கண் திறந்தபடிதான் இருந்தது. தொட்டியைப் பார்த்து.

அதற்கப்புறம் வீட்டில் ஆட்கள் சேர்ந்தார்கள். கணவர் மருந்துப் பையோடு வாசலில் நின்றது, டாக்டர் வந்தது, கீழ்வீட்டு அம்மாள் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டது எல்லாம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். அத்தை வந்து, அவளைக் கட்டிக்கொண்டு, "என் அண்ணனக் கடைசி வரைக்கும் நீதான்டி பாத்துக்கிட்ட" என்று அழுதபோது, அத்தையின் தோளுக்கு மேலே தொட்டி தெரிந்தது. இன்ஸ்பெக்டர் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கோமாளி மீன்கள் ஒருக்களித்துச் சாய்ந்து மிதந்தன.

அவள் அத்தையை விலக்கிவிட்டு ஓடினாள். நாற்காலிகளுக்கு இடையில் குனிந்து, யாருடைய காலையோ தள்ளி, ஸ்விட்சைப் போட்டாள். பம்ப் உறுமியது. தெளிந்ததெல்லாம் மறுபடியும் வெள்ளையாகக் கலங்கி எழுந்தது.

"இந்த நேரத்துல மீனாடி முக்கியம்?" என்றார் அத்தை.

"ஆமா" என்றாள்.

அத்தை நாற்காலியை நகர்த்தி அவளுக்கு வழி விட்டார்.

மறுநாள் தம்பி விமானத்திலிருந்து இறங்கிப் பெட்டியோடு வந்தான். அப்பாவை எடுத்துக்கொண்டு போனார்கள். முடித்துவிட்டுத் திரும்பி, எல்லோரும் குளித்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போக மத்தியானம் தாண்டிவிட்டது. கணவர் நாற்காலிகளைத் திருப்பிக் கொடுக்கக் கீழே போயிருந்தார். கட்டிலை எடுத்துப்போக வாடகைக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார். விரிப்பை உருவியாயிற்று, தலையணை மட்டும் கிடந்தது.

தம்பி தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படுகிற மாதிரி தெளிந்திருந்தது. பவளங்கள் ஒன்றிரண்டு சுருங்கிக் கிடந்தன, மற்றவை கையை விரித்திருந்தன. கோமாளி மீன்கள் கல்லுக்குள் போய்ப் போய் வந்தன.

"நல்லா தெளிஞ்சிருக்கேக்கா" என்றான். "அப்பா பாத்தாரா?"

இந்தக் கேள்வி எப்போது வரும் என்றுதான் அவள் நேற்றிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். பார்த்தார் என்று சொல்லிவிடலாம். இவன் ஒன்றும் வந்து சோதிக்கப்போவதில்லை. ஆனால் வாய் வரவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லவும் வரவில்லை. மடித்துக்கொண்டிருந்த துணியை நாற்காலியில் வைத்துவிட்டு, கட்டிலில் ஏறி, அப்பாவின் தலையணையில் தலை வைத்து மல்லாந்து படுத்தாள்.

"என்னக்கா பண்ற?"

"பேசாம இரு."

கழுத்தைத் தூக்காமல், அவர் கிடந்த மாதிரியே கிடந்து, கண்ணை மட்டும் நேரே செலுத்தினாள். கால்மாட்டுப் பலகை குறுக்கே நின்றது. கணவர் சொன்னது சரிதான், மறைத்தது. மணல் தெரியவில்லை. கற்கள் தெரியவில்லை. பலகைக்கு மேலே, தொட்டியின் உச்சியில் ஒரு சாண் தண்ணீர் மட்டும்தான் தெரிந்தது.

அந்த ஒரு சாணில், கண்ணாடி ஓரமாக, இன்ஸ்பெக்டர் ரவுண்டு போய்க்கொண்டிருந்தது.

அவள் அப்படியே கிடந்தாள். தம்பி ஏதோ கேட்டான், காதில் விழவில்லை. பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த விளிம்பையே பார்த்தாள். நேற்று நிரப்பிய அளவு இல்லை, தண்ணீர் ஒரு விரல் இறங்கியிருந்தது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு எங்கேயும் போகாது, அதனால் குறைந்தால் நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று வாரா வாரம் அவர் சொல்லிக் கேட்டுக் காது புளித்திருந்தது.

எழுந்து சமையலறைக்குப் போய் ஒரு சொம்பில் குடிக்கிற தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா பாத்தாரான்னு கேட்டேன்" என்றான் தம்பி.

"அந்தத் தட்ட எடு" என்றாள்.

அவன் எடுத்துக் கொடுத்தான். அவள் கையைத் தொட்டிக்குள் விட்டு, தட்டைக் கல்லின் மேல் நிதானமாக இருத்தி, அதன்மேல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்ற ஆரம்பித்தாள்.